அண்ணை நின்ற ஊர்களின் வைன்

1

நான் டொரன்டோவில் வந்து இறங்கி ஐந்து வருடம் நிறைந்த கிழமையில் இதை எழுதுகிறேன். ஐந்து வருடத்தில் என்ன கிழித்தாய் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. இங்கே வந்து கிளாஸ் கழுவினேன். இப்போது அதே கிளாசுக்குள் மூக்கை விட்டு மணந்து பார்க்கிறேன். முன்னேற்றம்தான். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுகிறவர்கள், வைன் என்று வருகிற இடமெல்லாம் பழரசம் என்று வாசித்து உதவ வேண்டும்.

நான் வேலை செய்வது நகரத்து நடுவில் இருக்கிற ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை. மேலே மேசைகளில் பிரெஞ்சு, கீழே சமையலறையில் யாழ்ப்பாணம். சோஸ் கிண்டுகிறவன் சாவகச்சேரி, மீன் வெட்டுகிறவன் பருத்தித்துறை, நிலவறையில் கிளாஸ் கழுவினவன் நான். மனேஜர் பிரான்சிலிருந்து வந்தவர். பெயர் பியர். வைன் விற்கிற மனிசனுக்கு இப்படியொரு பெயரை வைத்த தாய் தகப்பனை என்ன சொல்வது. அவர் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. அதை அப்படியே எழுத எனக்குப் படிப்புக் காணாது. ஆகையால் இந்தக் குறிப்பு முழுக்க அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசப்போகிறார்.

திங்கட்கிழமைகளில் கடை திறக்க முன்னர் மேலே வேலை செய்கிறவர்கள் வட்டமாக நின்று வைன் ருசி பார்ப்பார்கள். ஒரு போத்தலுக்கு ஒரு கிளாஸ். அது கையிலிருந்து கைக்குப் போகும். போன வருடம் கோடையில் ஒருநாள் ஆள் குறைந்ததால், வட்டத்தை நிரப்ப என்னைக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். கிளாஸ் என்னிடம் வரும்போது அதில் மூன்று பேரின் வாய் பட்டிருந்தது. எச்சில் கிளாசில் வாய் வைக்க எனக்கு யாரும் பழக்கவில்லை. தலையை அண்ணாந்து, கிளாசை உயரப் பிடித்து, தொண்டைக்குள் ஊற்றினேன். உதட்டில் ஒரு துளி இல்லை, சட்டையில் ஒரு துளி இல்லை.

வட்டம் முழுக்க என் சட்டையைப் பார்த்தது.

"தம்பி, இப்ப நீ என்ன செய்தனீ?" என்றார் பியர்.

"குடிச்சனான்."

"மூக்கு எங்கை போச்சு?"

"மூக்காலை குடிக்கிறேல்லை, ஐயா."

"முதல் மணக்கவேணும். பிறகு வாயிலை வைச்சு உருட்டவேணும். பிறகு இந்த வாளிக்குள்ளை துப்பவேணும்."

"துப்புறதுக்கு ஏன் ஐயா வாங்குறியள்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பியர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த திங்களும் என்னைக் கூப்பிட்டார். வைன் கொண்டுவரும் ஏஜென்ட் ஒருவருக்கு அந்த வித்தையைக் காட்டவேண்டுமாம். அதற்கடுத்த திங்களும் கூப்பிட்டார். படிப்பால் ஏறாத மாடி, எச்சிலுக்குப் பயந்ததால் ஏறினேன்.

2

பிரான்ஸ் எனக்குப் புது நாடு இல்லை. இங்கே வருகிற வழியில் பாரிசில் மூன்று மாதம் இருந்திருக்கிறேன். பார்த்தது ஒரு அறை, ஒரு ரயில் நிலையம், உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்று. அறையில் பதினொரு பேர். தண்ணீர்ப் போத்தல் ஒன்று. பதினொரு பேரும் அண்ணாந்துதான் குடிப்போம், இல்லாவிட்டால் சண்டை வரும்.

அந்தப் பதினொரு பேரில் என் அண்ணை சேகரும் ஒருவன். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் எங்கள் இரண்டு பேருக்கும் என்று ஒரேயொரு பாஸ்போட் கொண்டுவந்தான். அதிலிருந்த படத்துக்கு என் மூஞ்சி கொஞ்சம் சரிவந்தது, அண்ணையின் மூஞ்சி வரவில்லை. அவ்வளவுதான். நான் ஏறினேன், அவன் அடுத்த படம் வரும் என்று நின்றான். எனக்குச் சரிவந்த அந்த மூஞ்சிக்காரன் யாரென்று இன்றுவரை தெரியாது. நல்ல வடிவான ஆளாகத்தான் இருந்திருப்பான்.

அடுத்த படம் வரவில்லை. போன வருடம் பாரிசில் அண்ணையின் அகதிக் கேஸ் கடைசியாகவும் தள்ளுபடியானது. பிடித்தால் கொழும்புக்கு ஏற்றுவார்கள். கொழும்பில் இறங்கினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே குடிவரவுக் கந்தோருக்குப் போய், அண்ணையைக் கூப்பிட வழியுண்டா என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மனிசி, பொறுமையாகச் சொன்னாள். மனைவியைக் கூப்பிடலாம். தாய் தகப்பனைக் கூப்பிடலாம். கலியாணம் பேசின பெண்ணைக்கூடக் கூப்பிடலாம். வளர்ந்த அண்ணன் குடும்பத்துக்குள் வரமாட்டான். இன்னும் சந்திக்காத பெண் குடும்பம், சின்னனில் எனக்குச் சோறு தீத்தினவன் வெளியாள். "அப்ப அவனைக் கலியாணம் கட்டட்டே?" என்று தமிழில் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அவள் "யூ ஆர் வெல்கம்" என்றாள்.

3

நான் இருப்பது ஸ்காபரோப் பக்கம், டோர்செட் பார்க்கில், பவளம் அன்ரியின் அப்பாட்மெண்டில் ஒரு அறையில். புருசன் இல்லாத மனிசி, துணிக் கம்பனியில் வேலை. மகள் தர்ஷிக்குப் பன்னிரண்டு வயது. அன்ரி தமிழில் கேட்பா, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இரண்டு பேரும் விளங்காத மாதிரி நடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள்.

அந்த வீட்டு டெலிபோனுக்குத்தான் அண்ணை எடுப்பான். ஞாயிறு காலை, றோட்டோரப் பெட்டி ஒன்றிலிருந்து. பாரிசில் நின்றால் பிடிபடுவான் என்று, வைன் பிழிகிற முந்திரிகைத் தோட்டங்களில் பழம் வெட்டும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். அங்கே அறுவடைக்கு ஆள் தேவை, அவசரத்தில் பேப்பர் கேட்கமாட்டார்கள். ஒரு இடத்தில் வெட்டு முடிய இன்னொரு இடம்.

முதல் போன் தெற்கே ஸ்பெயின் எல்லைப் பக்கத்திலிருந்து வந்தது.

"ரூபன், இஞ்சை ஒரு புதினம். மூக்கு நீண்ட கண்ணாடிக் கூசா ஒண்டிலை வைன் வைச்சிருக்கினம். எல்லாரும் எங்களை மாதிரி அண்ணாந்துதான் குடிக்கினம்."

"நீயும் குடிச்சனியோ?"

"கையை முழுசா நீட்டி ஊத்தினன். பயலுகள் கை தட்டுறாங்கள். கிழவன் ஒருத்தன் என்ரை தோளைத் தட்டி, எந்த ஊர் எண்டு கேட்டான்."

"என்ன சொன்னனீ?"

"சொன்னனான். அவனுக்கு விளங்கேல்லை. பக்கத்து ஊர் எண்டு நினைச்சிட்டான் போலை."

தர்ஷி தன் பள்ளிக்கூட அட்லசைக் கொண்டுவந்து, அவன் சொன்ன ரூசிய்யோன் என்ற இடத்தில் விரலை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறவள். என் உச்சரிப்பைக் கேட்டு, "ரூபன் மாமா, பிளீஸ், யூ ஆர் ஹர்ட்டிங் மீ" என்று காதைப் பொத்துவாள்.

திங்கட்கிழமை பியரிடம் ரூசிய்யோன் வைன் இருக்கிறதா என்று கேட்டேன். கோப்பை கழுவுகிறவன் ஊர் பெயர் சொல்லிக் கேட்பதை அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் திறந்தார். கறுப்பாக, தடிப்பாக, வெயில் ஏறிய வைன். அண்ணை அங்கே வேர்த்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிறு அவன் இருக்கிற இடத்தைச் சொல்வான், திங்கள் நான் அந்த இடத்தைக் கேட்பேன். பொர்தோ என்றான். மழை, கூடாரத்துக்குள் தண்ணி, சப்பாத்து காயவில்லை என்றான். நான் பொர்தோவை மணந்து பார்த்தேன்.

"என்ன மணக்குது?" என்றார் பியர்.

"தர்ஷியின்ரை பென்சில் பெட்டி. இப்ப சீவின பென்சில்."

பியர் மற்றவர்களைப் பார்த்து, "கேட்டியளே? அதுதான் பொர்தோ மணம்" என்றார். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் சிநேகம் இல்லை.

4

ஊரில் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். கிளாசுக்குள் மூக்கை விட்டதும் நாவற்பழமும் மழைக்கால மண்ணும் மணந்தன, கண் கலங்கியது என்று. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. வந்ததெல்லாம் ஸ்காபரோவின் மணம். கென்னடி ஸ்டேஷனில் ஈரக் கோட்டுகளின் மணம். எங்கள் கட்டடத்து நிலவறையில் உடுப்புக் காயவைக்கும் மெசினின் மணம். அப்பாட்மெண்ட் லிஃப்டில் யாரோ விட்டுப்போன ஆரஞ்சுத் தோலின் மணம். ஊரில் மூக்கைக் கவனிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன். என் மூக்குக்கு இங்கேதான் வயது வந்திருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை, என்றாலும் மூக்கோடு யார் வழக்காடுவது.

ஒக்டோபரில் அண்ணை அல்சாஸ் என்றான். ஜேர்மனிப் பக்கம். குளிர், ஒல்லிப் போத்தல், வெள்ளை வைன். பியர் ஒரு பழைய போத்தலைத் திறந்து கிளாசை நீட்டினார். மணந்தேன். சொல்லப் பயமாக இருந்தது.

"சொல்லு."

"சொன்னால் கலைச்சுப் போடுவியள்."

"சொல்லடா தம்பி."

"பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கு."

பியர் என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அந்த வைன் வயது போகப் போகப் பெற்றோல்தான் மணக்குமாம். அதற்குத்தான் ஆட்கள் ஆசைப்படுவார்களாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே உங்களுக்குச் சண்டையைச் சாட்டி அரசாங்கம் போட்ட பெற்றோல் தடை. ஒரு போத்தல் பெற்றோலுக்கு நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். இங்கே அதே மணத்துக்காக மேசையில் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள்.

மாரி முழுக்க அண்ணை பூர்கோனில் கொடி கத்தரிக்கிற வேலைக்கு நின்றான். வெட்டின கொடித்தடிகளை இரும்புத் தள்ளுவண்டிக்குள் போட்டு எரித்து, அந்த நெருப்பில் கையைக் காய்ச்சுவார்களாம். "கை விறைச்சுக் கத்தரிக்கோல் விழுந்தாலும் தெரியாது" என்றான். நான் இங்கே பூர்கோன் வைனை வாயில் வைத்துக்கொண்டு மெல்லியது, நளினமானது என்று பியர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். வாளிக்குள் துப்பினேன். துப்பப் பழகிவிட்டிருந்தேன்.

வசந்தம் வந்தபோது பியர் ஒரு வாக்குக் கொடுத்தார். நவம்பரில் போஜோலே என்ற பகுதியின் புது வைன் வரும். அன்றைக்கு மேலே ஆள் காணாது. அன்று ஒழுங்காக நின்றால் வெள்ளைச் சட்டையோடு மேலேயே இருக்கலாம், கீழே போகத் தேவையில்லை. எனக்குச் சந்தோசம்தான். ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஞாயிறு வந்தால் டெலிபோனுக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடப்பேன். அன்ரி சொல்லுவா: "மோனை, காப்பெற் தேயுது."

5

செப்டெம்பரில் அண்ணை போஜோலே என்றான்.

"இஞ்சை மெசினாலை வெட்ட விடமாட்டினம், ரூபன். குலையைக் குலையாக் கையாலை வெட்டி, நசியாமல் வைக்கவேணும். முதுகு போச்சு."

"அந்த வைன்தான் நவம்பரிலை எங்கடை கடைக்கு வருதாம்."

"இப்ப வெட்டுறதோ?"

"ஓம். இந்த வருசத்துப் பழம், இந்த வருசமே போத்தலிலை. மற்ற எல்லாம் வருசக்கணக்காக் கிடக்கும், இது மட்டும்தான் கெதியா வரும்."

"அப்ப வடிவா வெட்டுறன்" என்றான். பிறகு, "இன்னும் நாலைஞ்சு நாள்தான் வேலை. பேந்து ஒரு அலுவல் இருக்கு. பேந்து சொல்லுறன்."

"என்ன அலுவல்?"

காசு முடிந்து லைன் அறுந்தது.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒக்டோபர் முழுக்க இல்லை. பாரிஸ் அறைக்கு எடுத்தேன். புதிதாக வந்த பெடியன் ஒருவன், சேகர் என்று ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றான். பொலிசில் கேட்கலாம் என்றால், ஒளித்திருக்கிறவனை நானே காட்டிக்கொடுத்ததாகப் போய்விடும். போய்த் தேடலாம் என்றால், எந்தத் தோட்டத்தில் போய்த் தேடுவது. அம்மாவின் கடிதம் கொழும்பு சுற்றி வந்தது. அண்ணைக்குப் பெண் பார்க்கட்டோ என்று கேட்டிருந்தா. பார்க்கச் சொல்லி எழுதினேன். வேறு என்ன எழுத.

பவளம் அன்ரி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கு அருச்சனை செய்தா. நட்சத்திரம் கேட்டா, எனக்குத் தெரியவில்லை. "கூடப் பிறந்தவன்ரை நட்சத்திரம் தெரியாது, போத்தலிலை எந்த ஊர் எண்டு மட்டும் தெரியும்" என்றா. பகிடியாகத்தான் சொன்னா.

தர்ஷி மட்டும், "மே பி ஹி இஸ் ஜஸ்ட் பிஸி, மாமா" என்றாள். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆள் காணாமல் போவதென்றால் பிஸியாக இருப்பது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அவள் அட்லசில் போஜோலேக்கு மேலே ஒட்டின சின்னச் சிவப்புத் துண்டை ஒருவரும் எடுக்கவில்லை.

6

நவம்பரில், மூன்றாவது வியாழன், புது வைன் பிளேனில் வந்து சேர்ந்தது. பூப்போட்ட லேபல். கடை திறக்க முன்னர் காலையிலேயே வட்டமாக நின்றோம். எனக்குப் புது வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டியைச் சாவகச்சேரிக்காரன் கட்டிவிட்டான், தூக்குப் போடுகிற இறுக்கம்.

பியர் தன் நாட்டுப் பெருமையோடு இதை ஊற்றவில்லை. "இது விளையாட்டு வைன். யோசிக்கிறதுக்கில்லை. சிரிச்சுக்கொண்டு விக்கவேணும், அவ்வளவுதான்."

கிளாஸ் என்னிடம் வந்தது. கடும் ஊதா. மணந்தேன். பழுத்த வாழைப்பழம். வேறெதுவும் இல்லை, வாழைப்பழம்தான்.

"வாழைப்பழம்," என்றேன்.

"சரி. இந்த வருசம் எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்கள். இப்ப வாயிலை வைச்சு, துப்பு."

வாயில் வைத்தேன். எவனெவனோ வெட்டின பழம். அந்தப் பக்கத்தில் எத்தனையோ தோட்டம், எத்தனையோ கை. அண்ணையின் கை இந்தப் போத்தலில் பட்டது என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. படவில்லை என்று சொல்லவும் இல்லை. வடிவா வெட்டுறன் என்றவன் அவன். வாளி காலடியில் இருந்தது. நான் குனியவில்லை.

விழுங்கினேன்.

"தம்பி, துப்பச் சொன்னனான். நாள் முழுக்க நிக்கவேணும்."

"இதைத் துப்பேலாது, ஐயா."

"ஏன்?"

"என்ரை அண்ணை அங்கை பழம் வெட்டினவன். செப்டெம்பருக்குப் பிறகு அவனைக் காணேல்லை."

பியர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரூராகப் பெயர் சொல்லி நான் போத்தல் கேட்டதெல்லாம் அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். பேப்பர் உள்ளவனா என்று அவர் கேட்கவில்லை. போத்தலை எடுத்துத் தனக்கும் கொஞ்சம் ஊற்றினார், விழுங்கினார். "மேசைக்குப் போ," என்றார். "பட்டியைக் கொஞ்சம் இளக்கு, முகம் நீலமாய்க் கிடக்கு."

அன்று மத்தியானம் மேசை மேசையாக நின்று, குலை குலையாகக் கையால் வெட்டின பழம் என்று சொல்லி ஊற்றினேன். ஆட்கள் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், இன்னும் கேட்டார்கள். வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு ரயிலில் வரும்போது இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

7

ஞாயிறு காலை அன்ரி கதவைத் தட்டினா. "மோனை, எழும்பு. கொண்ணை லைனிலை, சேகர்தான்."

ஓடின ஓட்டத்தில் தர்ஷியின் பள்ளிக்கூடப் பையில் தடக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே ரிசீவரை வாங்கினேன்.

"ரூபன்?"

"எங்கையடா நிக்கிறாய்?"

"லண்டன்."

சுவரில் சாய்ந்து இருந்தேன். அவன்தான் சொன்னான். வெட்டு முடிந்ததும் ஒருவன் வடக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோனானாம். லொறிக்குள் ஏறி, பிடிபட்டு, இறக்கி விட்டு, திரும்ப ஏறி, கடைசியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கடலைக் கடந்தானாம். இறங்கி, அகதி என்று தானே போய்ப் பதிந்தானாம். சில நாள் அடைத்து வைத்துவிட்டு, கேஸ் முடியும்வரை இரு என்று பேப்பர் கொடுத்து வெளியில் விட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர் வீட்டில் அறை கிடைத்திருக்கிறது.

"ஒரு போன் எடுக்க ஏலாதோ உனக்கு? ரெண்டு மாசம்."

"சொன்னால் நீ அம்மாவுக்கு எழுதுவாய். அம்மா கோயிலிலை நேத்தி வைப்பா. பேந்து நான் பிடிபட்டால், நேத்தியும் பொய்ச்சுப்போச்சு எண்டு மனிசி அழும். அதுதான் பேசாமல் ஏறினன்."

"நட்சத்திரம் என்னடா உனக்கு?"

"என்ன?"

"பேந்து சொல்லுறன். போஜோலே வைன் வந்திட்டுது. குடிச்சனான்."

"எப்பிடி இருந்தது?"

"வாழைப்பழம் மணக்குது."

"உனக்கு விசரே? நான் வெட்டினது முந்திரிகை."

தர்ஷி பக்கத்தில் அட்லசோடு நின்றாள். சிவப்புத் துண்டைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தாள். லண்டன் என்று வாயசைத்தேன். பக்கத்தைப் புரட்டினாள். இனித் திங்கட்கிழமை நான் பியரிடம் எந்த ஊரைக் கேட்பது என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிரான்சை ஊரூராக நான் ருசித்துப் பழகி, அதைச் சொல்லி விற்க வெள்ளைச் சட்டையும் போட்ட கிழமையில், அவன் பிரான்சிலேயே இல்லை.

"அங்கை என்ன குடிக்கிறனீ?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணி. இந்தா, இப்பவும் கையிலை."

உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"டேய், வாய் வைச்சோ குடிக்கிறாய்?"

"ஓம்," என்றான். "இது எனக்கெண்டு தந்த கோப்பை."